நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே

"சேத்துல காலே வைக்கலயே மிஸ், அப்புறம் எப்படி சேத்துப்புண்ணு வரும்?"

எங்கள் பள்ளிக் கபடி அணியில் லெஃப்ட் கார்னரில் ஆடும் பெண் இப்படிக் கேட்டது போன ஆகஸ்டில், போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது. பயிற்சி முடிந்து மற்ற பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். இவள் மட்டும் கொடிக்கம்ப மேடையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றாமலேயே ஒரு காலால் இன்னொரு காலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்". சாக்ஸைக் கழற்று என்றதும் கண் கலங்கிவிட்டது. வலியால் இல்லை. நாற்றம் வருமே, மிஸ் முகத்தைச் சுளிப்பார்களே என்ற பயம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

நான்காவது விரலையும் சுண்டுவிரலையும் மெல்லப் பிரித்தேன். ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி, அந்த இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு, அடியில் சிவப்பு. அன்றைக்கே எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்தேன். 14 பேரில் 6 பேருக்கு இருந்தது. அந்த ஆறில் மூன்று பேர், அளவு ஒன்றுதானே என்று இரண்டு ஜோடி ஷூவைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. நான் ஆடிய காலத்தில் கபடி என்றால் மண் தரையும் வெறுங்காலும்தான். முழங்கால் சிராயும், நகம் பெயரும், விரல் இடுக்கில் மட்டும் ஒன்றும் வந்ததில்லை. காற்றும் வெயிலும் பட்டுக்கொண்டே இருக்கும் காலில் ஈரம் எங்கே தங்கும்? இப்போது பெரிய போட்டிகள் எல்லாம் 'மேட்' என்கிற ரப்பர் விரிப்பில் நடக்கின்றன. மேட் என்றால் ஷூ, ஷூ என்றால் சாக்ஸ். காலை ஆறரைக்குப் போடுகிற சாக்ஸ் மாலைப் பயிற்சி முடிகிறவரை காலிலேயே கிடக்கிறது. அதுவும் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற நைலான் சாக்ஸ்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: "சேறு வேணாம்மா, ஈரம் போதும்."

இதே நோயை ஆங்கிலத்தில் 'அத்லெட்ஸ் ஃபூட்' என்கிறார்கள், விளையாட்டுக்காரர்களின் கால். நாம் சேற்றின் பெயரால் சொல்கிறோம். ஷூவுக்குள் ஊறும் காலைப் பார்த்தவர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள், வயலில் ஊறும் காலைப் பார்த்தவர்கள் இப்படி வைத்தார்கள். என் வீட்டில் இரண்டு கால்களும் இருந்தன. நடவுக்குப் போன அம்மாவின் கால் ஒன்று, ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் என் கால் இன்னொன்று. இரண்டு பேருமே இதை அலட்சியம் பண்ணிப் பட்டிருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மா நாற்று பறிக்க, நட, களை எடுக்க என்று என் சின்ன வயதிலிருந்து போய்க்கொண்டிருந்தவர். குறுவை, சம்பா, தாளடி என்று வேலை மாறும், கால் மட்டும் தண்ணீரிலேயே இருக்கும். சாயங்காலம் வந்ததும் வாசலில் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவுவார். அதோடு சரி, துடைத்து நான் பார்த்ததில்லை. ஈரக் காலோடு அடுப்படிக்குப் போய்விடுவார். ராத்திரி பாயில் உட்கார்ந்து விரல்களைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபடி "ஸ்ஸ்" என்பார். மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து இடுக்கில் அப்புவார். எரிச்சல் தாங்காத நாளில் வண்டிமை, அதாவது மாட்டுவண்டி அச்சில் போடும் கறுப்பு மசகு, தடவியதும் உண்டு. பக்கத்து வீட்டு அத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வார். மறுநாள் காலை அஞ்சு மணிக்கு அதே காலோடு வரப்பில் நடப்பார்கள். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் ஒருத்தரும் நின்றதில்லை.

பிற்பாடு ஒரு தோல் மருத்துவர் எனக்கு இதைப் பொறுமையாக விளக்கினார். ஷூ போடுகிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் படர்தாமரையை உண்டாக்கும் அதே பூஞ்சைக் கூட்டம். தொடையிலும் இடுப்பிலும் வந்தால் படர்தாமரை என்கிறோம், விரல் இடுக்கில் வந்தால் சேற்றுப்புண் என்கிறோம். டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்பது அதில் மிகப் பரவலான ஒன்று. தோலின் மேல் அடுக்கிலும் நகத்திலும் முடியிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. வயலிலும் பாத்திரம் கழுவும் வேலையிலும் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு இது மட்டும் வருவதில்லை. கேண்டிடா என்ற இன்னொரு வகைப் பூஞ்சையும் பாக்டீரியாக்களும் கலந்து வரும். எது வந்தாலும் பெரும்பாலும் முதலில் பிடிக்கும் இடம் நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான். காலிலேயே மிக நெருக்கமான இடுக்கு அது. அங்கே காற்று போகாது, வியர்வை வெளியேறாது.

இனி என் கதை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும்.

2017 மழைக்காலத்தில் எனக்கு வலது காலில் வந்தது. நனைந்த ஷூவை மறுநாளும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவேன், வேறு ஜோடி கிடையாது. அரிப்பு தாங்காமல் மெடிக்கலில் போய் "அண்ணே, சேத்துப்புண்ணுக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை, கையை நீட்டி ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு நாள்ல கேட்ரும் டீச்சர்."

அவர் சொன்னபடியே கேட்டது. இரண்டாம் நாளே அரிப்பு இல்லை. சிவப்பு மங்கியது. மருந்தை நிறுத்தினேன், பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி தடவினேன். இப்படி நான்கு மாதம். அதற்குள் உள்ளங்கால் ஓரத்தில் ஏறி, அப்புறம் தொடை இடுக்கில் வந்துவிட்டது. அங்கேயும் அதே டியூப். வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டிய படர்தாமரை எனக்கு ஓரம் கலைந்து, நிறம் மங்கி, என்னவென்றே சொல்ல முடியாத ஒரு தடமாகப் பரவியது. தொடைத் தோலில் பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவது மாதிரி வரிகள் விழுந்தன. அந்த வரிகள் இன்றைக்கும் இருக்கின்றன, இனிப் போகாது.

கடைசியில் மாவட்ட மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "என்ன தடவினீங்க, டியூப் இருக்கா?" என்று. பையில் இருந்தது. அதைத் திருப்பி, பின்பக்கச் சின்ன எழுத்தை என்னையே படிக்கச் சொன்னார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே குளோபெட்டசால். அது ஸ்டீராய்டு, மேற்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமானது.

நம் உடம்பு பூஞ்சையோடு சண்டை போடுவதால்தான் சிவப்பும் அரிப்பும் வருகின்றன. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுகிறது. அரிப்பு நின்றதும் நமக்கு நோய் போய்விட்டதாகத் தோன்றுகிறது. எதிர்க்க ஆள் இல்லாத இடத்தில் பூஞ்சை சாவகாசமாகப் பரவுகிறது. கூட ஒரு பூஞ்சை மருந்து இருந்தாலும், இரண்டு நாளில் நிறுத்திவிடுவதால் அது வேலை செய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. இதை டாக்டர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த நான்கு மாதமும் கண்முன் ஓடியது.

அப்புறம் ஒரு மழுங்கிய கத்தியால் கால் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டார். தோல் செல்கள் கரைந்து பூஞ்சை மட்டும் தெரிவதற்காக. கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். மங்கலான வெளிச்சத்தில் மெல்லிய நூல்கள், கிளை பிரிந்து, குறுக்கும் நெடுக்கும் ஓடின. "இது உங்க கால்ல இருக்கு. தொடையிலயும் இதேதான்." அந்த நூல்களைப் பார்த்த பிறகு ஒருநாள்கூட நான் மருந்தை விட்டதில்லை.

காலிலிருந்து தொடைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். குளித்துவிட்டு உள்ளாடையைக் காலுக்குள் விட்டு மேலே இழுக்கும்போது, விரல் இடுக்கில் இருப்பது துணியில் ஒட்டி மேலே போகிறதாம். கால் துடைத்த துண்டாலேயே உடம்பைத் துடைத்தாலும் அதே கதை. காலில் புண் இருக்கிறவர்கள் முதலில் சாக்ஸைப் போட்டுவிட்டு அப்புறம் உள்ளாடை போட வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்தை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கு இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

எனக்குத் தொடை வரை பரவிவிட்டதால் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மாத்திரையும் கொடுத்தார்கள். குணமாக மூன்று மாதம் ஆயிற்று. விரல் இடுக்கோடு இருந்தபோதே கவனித்திருந்தால் ஒரு நல்ல கிரீமோடு முடிந்திருக்கும்.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் சீட்டு கேட்காமல் டியூப் கைமாறுவதைப் பார்க்கிறேன். கடையில் நிற்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: டியூபைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று எது இருந்தாலும் சேற்றுப்புண்ணுக்கு என்று நீங்களாக வாங்க வேண்டாம். இந்தப் பழக்கத்தின் நடுவே இந்தியாவில் படர்தாமரையே முரட்டுத்தனமாகிவிட்டது. டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்கே பல நேரம் கட்டுப்படாத ஒரு பூஞ்சைக்கு, 2020இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. காலைவிட இடுப்பு, தொடை, உடம்பில்தான் அது அதிகம் வருகிறது.

சரி, எதைத்தான் தடவுவது? விரல் இடுக்கில் மட்டும் இருக்கிற சாதாரணச் சேற்றுப்புண்ணுக்கு ஒரே ஒரு பூஞ்சை மருந்து உள்ள கிரீம் போதும். குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றால் நான்கு வாரம் வரை தடவ வேண்டும். டெர்பினாஃபின் 1 சதவீதம் பூஞ்சையை நேரடியாகக் கொல்வதால் குறைந்த நாளில் வேலை செய்யும், இடுக்குப் புண்ணுக்குப் பலருக்கு ஓரிரு வாரமே போதும். எங்கள் பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனபோது குளோட்ரிமசோல்தான் கொடுத்தார்கள். அம்மாவின் காலத்தில் இதே மாதிரி இடத்தில் விட்ஃபீல்டு களிம்பு கொடுப்பார்கள், பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற பழைய, மலிவான மருந்து. காய்ந்து உரிகிற தோலுக்கு நல்லது. வெடித்த புண்ணில் பட்டால் எரியும், அதனாலேயே அம்மா அதைப் பாதியில் தூக்கிப்போட்டார்.

தடவுகிற விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறோம். கழுவி, துடைத்து, இடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகு கிரீமை எடுக்க வேண்டும். பட்டாணி அளவு போதும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இடுக்கில் நின்றால் அதுவே ஈரமாகிவிடும், அதனால் மறைகிறவரை தேய்க்க வேண்டும். புண்ணில் மட்டும் இல்லாமல் சுற்றியுள்ள நல்ல தோலிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும், கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் பூஞ்சை போயிருக்கும். தோல் பழையபடி ஆன பிறகும் ஒரு வாரம், இரண்டு வாரம் தொடர வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஆறாம் நாளே நிறுத்திவிட்டார்கள். "அரிக்கல மிஸ்." நான் சொன்ன அதே வார்த்தை. விளையாட்டு அறைக் கதவில் 28 கட்டம் போட்ட ஒரு தாளை ஒட்டினேன். காலையில் ஒரு கோடு, இரவில் தடவியதற்கு மறுநாள் வந்து ஒரு கோடு. ஆறு பேரும் கட்டத்தை நிரப்பினார்கள். லெஃப்ட் கார்னர் பெண் ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை.

நீர் கசிந்து நாற்றமடிக்கிற புண்ணுக்குக் கிரீம் மட்டும் போதாது. பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை வைக்கச் சொல்வார்கள். ரோஜாப்பூ நிறத்தில் லேசாக இருக்க வேண்டும். கத்திரிப்பூ நிறத்துக்குப் போனால் தோலைச் சுட்டுவிடும், கரையாத ஒரு மணி ஒட்டினாலும் சுடும். இதை மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். இடுக்கில் இருப்பது எல்லாமே பூஞ்சையும் இல்லை. பாக்டீரியாவால் வரும் ஒரு வகை பார்க்க இதே மாதிரி இருக்கும். வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா வெளிச்சத்தில் அது பவளச் சிவப்பாக ஒளிரும், அதற்கு மருந்தே வேறு. உள்ளங்கால் முழுக்கக் காய்ந்து மாவு மாதிரி உரிந்துகொண்டிருப்பதும் பல நேரம் பூஞ்சைதான். பித்தவெடிப்பு என்று வருடக்கணக்கில் வாசலின் பூசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பாதமும் ஒரே ஒரு உள்ளங்கையும் உரிகிறது என்றால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது அம்மாவின் கால்.

2021 ஐப்பசி. அம்மாவுக்கு 64 வயது. நடவுக்குப் போவதை நிறுத்தி நான்கு வருடம், சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். ஒரு ராத்திரி குளிரில் பல் கிட்டுகிற மாதிரி நடுக்கம், காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. விடிந்து பார்த்தால் இடது கால் கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் பாதிவரை சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. "எங்கயாச்சும் முள்ளு குத்திருக்கும்டி" என்றார்.

மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் முதலில் பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார், மறுநாள் அது தாண்டுகிறதா என்று பார்ப்பதற்கு. முள் குத்திய இடத்தைத் தேடிக்கொண்டிருந்த நான், அவர் நேராகச் சுண்டுவிரலைப் பிரித்ததும் திடுக்கிட்டேன். அங்கே மஞ்சளும் எண்ணெயும் குழைந்து ஈரமாக ஒட்டியிருந்தது. துடைத்து எடுத்தார். அடியில் அரை அங்குல வெடிப்பு. "வழி இதுதாம்மா" என்றார். பூஞ்சை தோலைப் பிளந்து கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அந்த வழியாகப் பாக்டீரியா உள்ளே போயிருக்கிறது. செல்லுலைட்டிஸ் என்று சீட்டில் எழுதினார். ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக், ஒன்பது நாள் வார்டில். மூன்றாம் நாள்தான் சிவப்பு பேனாக் கோட்டுக்கு உள்ளே சுருங்கியது.

வீட்டுக்கு அனுப்பும் முன் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார்கள். தொடும்போது "இருக்கு" என்று சொல்ல வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இழை வளைகிற அளவு அழுத்துகிறார்கள், அம்மா அமைதியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், எப்போது தொடப் போகிறார்கள் என்று காத்திருக்கிறவர் மாதிரி. பத்தில் நான்கு இடத்தில்தான் சொன்னார். வாழ்நாள் முழுக்கச் சேற்றில் நின்ற கால். அது எரிந்தபோதெல்லாம் தாங்கிக்கொண்டார், எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நம்பியிருந்தார். எரிச்சல் நின்றதற்குக் காரணம் சர்க்கரையால் உணர்ச்சி மரத்துப்போன நரம்பு என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

சர்க்கரை இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கு ராத்திரி அவர்கள் கால்விரல்களை நீங்களே பிரித்துப் பாருங்கள். "இருக்கா?" என்று கேட்க வேண்டாம், அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெடிப்பு இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மறுநாளே மருத்துவரிடம் போங்கள். சிவப்பு மேலே ஏறினாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு வைத்தியம் எல்லாமே தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. நடவு தொடங்குவதற்கு முன் அம்மாவும் தெருப் பெண்களும் மருதாணியை அரைத்து விரல்களிலும் பாத ஓரத்திலும் கெட்டியாக அப்பிக்கொள்வார்கள். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். "இத வச்சா சேறு கடிக்காதுடி" என்பார் அம்மா. மருதாணிக்கு நிறம் கொடுக்கிற லாசோன் தோலின் கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது, ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையைத் தடுக்கவும் செய்கிறது. அந்தப் பெண்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தது வீண் இல்லை. ஆனால் அது புண் இல்லாத காலுக்கு, வேலைக்கு முன்னால். வெடித்த புண்ணை ஆற்றும் மருந்து அது இல்லை. கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கோன் வேறு சரக்கு, அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், கொப்புளம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் குழைத்த எதையும் இடுக்கில் அடைக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே சிறைப்படும். மண்ணெண்ணெய், வண்டிமை, சுண்ணாம்பு மூன்றும் தோலைப் புண்ணாக்கத்தான் செய்யும்.

வராமல் தடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். எங்கள் டீமுக்கு நான் வைத்த முதல் வேலை: ஆளுக்கு ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டு, காலுக்கு மட்டும். குளித்ததும், பயிற்சி முடிந்ததும், துணியை ஒவ்வோர் இடுக்கிலும் விட்டு ஒத்தி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. எட்டு இடுக்கு, ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் எதிரில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவேன், வார்ம்-அப் எண்ணுகிற மாதிரி. இப்போது கேப்டனே எண்ணுகிறாள்.

இரண்டாவது, காலையில் ஒரு சாக்ஸ், மாலையில் ஒரு சாக்ஸ். பருத்தி கலந்ததாக வாங்கிக் கொடுத்தேன். துவைத்ததும் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி ஊறவைத்து அப்புறம் பிழிந்து காயப்போட வேண்டும். உதிர்ந்த தோல் செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பச்சைத் தண்ணீரில் அலசினால் சாகாது. 60 டிகிரியாவது வேண்டும் என்று சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிச் சத்துணவுக் கூடத்து அக்கா ஒரு அண்டா வெந்நீர் போட்டுக் கொடுக்கிறார். அவர் காலையும் பார்த்தேன், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவர். அவருக்கும் இருந்தது. அவரும் இப்போது கட்டம் நிரப்புகிறார்.

மூன்றாவது ஷூ. இதுதான் எங்களால் சுலபமாகச் சரிசெய்ய முடியாதது. ஷூ முழுசாகக் காய ஒரு நாளுக்கு மேல் வேண்டும், ஆகவே ஒருவருக்கு இரண்டு ஜோடி வேண்டும். எங்களிடம் ஒருவருக்கு ஒரு ஜோடியே சிரமம். முன்னாள் மாணவிகள் சிலர் கொடுத்ததில் ஆளுக்கு ஒன்று தேறியது, எண் எழுதி வைத்துவிட்டோம், மாற்றிப் போடக் கூடாது. இரண்டாவது ஜோடி இல்லாத குறைக்கு, பயிற்சி முடிந்ததும் உள் அட்டையை வெளியே எடுத்து வெயிலில் வைத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் நுனிவரை திணிக்கிறோம். ஒரு மணி நேரத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப்போய்விடும், எடுத்து வேறு தாள் திணிக்க வேண்டும். வகுப்பறையில் ஷூ வேண்டாம், செருப்பு போட்டுக்கொள்ளட்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். சீருடை விதி என்று முதலில் தயங்கினார். நான் அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் அனுமதி வந்துவிட்டது.

வியர்வை அதிகம் உள்ள பிள்ளைகளுக்குக் குளோட்ரிமசோல் பவுடரைச் சாக்ஸுக்குள் தூவச் சொல்கிறேன். ஈர இடுக்கில் கொட்டினால் கட்டிதட்டி அறுக்கும், காய்ந்த காலுக்குத்தான் பவுடர். மேட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் அடுக்குகிறோம். நடவுக்குப் போகிறவர்களிடம் ஷூவும் சாக்ஸும் பேச முடியாது. மதியச் சோற்றுக்குக் கரையேறும்போது காலைக் கழுவி, முந்தானையாலாவது ஒவ்வோர் இடுக்கையும் துடைத்து, சாப்பிட்டு முடிகிறவரை காலை வெயிலில் நீட்டி உட்காரச் சொல்லலாம். எங்கள் தெருவில் அம்மா இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நா துடைக்காம வுட்டதுதான் பாரு" என்று காலைத் தூக்கிக் காட்டுவார். நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிற பெண்கள், அம்மா சொன்னால் நின்று கேட்கிறார்கள்.

நவம்பருக்குள் ஐந்து பேருக்கு முழுசாகச் சரியாகிவிட்டது. ஒருத்திக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, எங்கள் கேப்டனுக்கு. கட்டத்தை ஒழுங்காக நிரப்புகிறாள், சாக்ஸ் சுத்தம், ஷூ காய்ந்திருக்கிறது. ஒருநாள் அவள் கட்டைவிரலின் நெயில் பாலிஷை அழித்துப் பார்த்தேன். நகம் மஞ்சளாகத் தடித்து, ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி பொடிந்தது. பூஞ்சை நகத்தில் பதுங்கிக்கொண்டு, ஆறுகிற இடுக்குக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்திருக்கிறது. நகத்துக்குள் கிரீம் போகாது. அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தோல் பிரிவுக்குப் போனோம். நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்து, ரத்தமும் பார்த்து, டெர்பினாஃபின் மாத்திரை 12 வாரத்துக்கு எழுதினார்கள். மாத்திரை முடிந்தாலும் கெட்ட நகம் உடனே மாறாது, அடியிலிருந்து புது நகம் வளர்ந்து அதைத் தள்ள வேண்டும், கால் கட்டைவிரலுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாத்திரை பிப்ரவரியில் முடிந்தது. மாதம் முதல் தேதியன்று அவள் காலை நீட்டுவாள், நான் நகத்தைப் பார்ப்பேன். அடியில் இளஞ்சிவப்பாக நல்ல நகம் ஏறிக்கொண்டிருக்கிறது, இந்த முதல் தேதிக்குப் பாதியைத் தொட்டிருக்கிறது.